வேலை தேடுவோருக்கும் விடுப்பு வேண்டும்

பிரிட்டனில் வேலை இழந்த ஒருவர் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், அரசு வேலைவாய்ப்பு நிலையமான ஜாப்சென்டரில் அவருக்கென்று ஒரு ஆலோசகர் ஒதுக்கப்படுகிறார். எந்த மாதிரி வேலை தேடுவார், எவ்வளவு தூரம் போய்வரத் தயார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேடுவார் என்று இருவரும் பேசி ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்கிறார்கள். நோயோ பராமரிப்புப் பொறுப்போ இல்லாத ஒருவரிடம் சட்டம் எதிர்பார்க்கும் அளவு வாரத்துக்கு 35 மணி நேரம். முழுநேர ஊழியர் ஒருவர் அலுவலகத்தில் கழிக்கும் நேரம் அது. வேலை தேடுவதே இனி உங்கள் வேலை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அதே நாட்டில் முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 5.6 வாரம், அதாவது 28 நாள், சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டம்தான். தேடுவதை முழுநேர வேலையாக்கிய சட்டம், அந்த வேலைக்கு ஒரு நாள் விடுப்பைக்கூட எழுதி வைக்கவில்லை.

வேலையில்லாதவர் அரசுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றப் போகலாமா? பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் ஓயாமல் எழும் கேள்வி இது. எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் விடையையும் கையிலேயே வைத்திருப்பார்கள். இந்தக் கட்டுரையின் விடை வேறு. போகலாம், போகவும் வேண்டும். எத்தனை நாள் போகலாம் என்பது ஆலோசகரின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல், சட்டத்தில் எண்ணால் எழுதப்பட்ட உரிமையாக இருக்க வேண்டும்.

உதவி வாங்குகிறவர் ஊரை விட்டு நகரக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டும். பிரிட்டனில் அரசு வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டது 1910 பிப்ரவரி 1ஆம் தேதி. அடுத்த ஆண்டு வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் சில தொழில்களில் வேலை இழந்தவர்களுக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம் என்று உதவி வகுத்தது. ஒருவர் உண்மையிலேயே வேலையில்லாமல் இருக்கிறாரா என்று அறிய அன்று வேறு வழி இல்லை. வேலை நேரத்தில் நிலையத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறவர் அந்த நேரத்தில் வேறெங்கும் கூலி வேலை செய்துகொண்டிருக்க முடியாது. நேரில் நிற்பதே அத்தாட்சியாக இருந்தது.

1921இல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: மனப்பூர்வமாக வேலை தேடுவதாக நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. ஊரிலுள்ள ஆலைகள் அத்தனையும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில், வேலை இல்லை என்று தெரிந்தே மனிதர்கள் ஆலை வாசல் வாசலாக நடந்தார்கள். எந்தெந்த வாசலில் நின்றோம் என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டுமே. 1930இல் கைவிடப்படும்வரை இந்தச் சோதனையில் ஏறக்குறைய 30 லட்சம் விண்ணப்பங்கள் தள்ளுபடியாகின. வேலை தேடுவது வேறு, தேடுவதாகக் காட்டிக்கொள்வது வேறு என்பதை அந்த 9 ஆண்டுகளே போதுமான அளவுக்குக் காட்டிவிட்டன. விடுமுறை பற்றிய இன்றைய விவாதத்திலும் இந்தக் குழப்பம்தான் தொடர்கிறது.

1996 அக்டோபரில் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் என்ற வேலை தேடுவோர் உதவித்தொகை வந்தபோது அதன் விதிகளில் ஒரு சின்னச் சலுகை இருந்தது. 12 மாதத்தில் 2 வாரம் வரை, நாட்டுக்குள்ளேயே, வீட்டை விட்டு வெளியே போய் இருக்கலாம். முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும். வேலை கிடைத்தால் திரும்பி வரத் தயாராக இருக்க வேண்டும். அந்த 2 வாரமும் அவர் வேலை தேடிக்கொண்டிருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்கு, நேர்முகத் தேர்வு போன்ற சில காரணங்களைத் தவிர, இது செல்லாது. கஞ்சத்தனமான சலுகைதான். ஆனாலும் அது ஒரு விதி. பிளாக்பூலில் அக்காள் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போனவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

2013 ஏப்ரலில் மான்செஸ்டர் அருகே ஆஷ்டன்-அண்டர்-லைன் ஊரில் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட் மெல்ல மெல்லப் பழைய முறையின் இடத்தைப் பிடித்தது. அதில் விடுமுறை என்ற ஏற்பாடே கிடையாது. வெளிநாட்டில் ஒரு மாதம் வரை இருந்தால் பணம் நிற்காது. அந்த வகையில் இது பழையதைவிடத் தாராளம். ஆனால் உறுதிமொழிப் பத்திரத்தில் உள்ள கடமைகள் ஒரு நாளும் ஓய்வதில்லை. கடற்கரையில் ஒரு கேரவனில் குழந்தைகளோடு 4 நாள் இருக்கப் போனாலும் இணையப் பதிவேட்டில் தேடல் கணக்கை எழுத வேண்டும். ஜாப்சென்டர் சந்திப்பு இருந்தால் திரும்பி வர வேண்டும். சந்திப்பைத் தள்ளிவைப்பதா வேண்டாமா என்பது ஆலோசகர் கையில். ஒருவர் தலையாட்டுவார், இன்னொருவர் மறுப்பார். தக்க காரணமின்றிச் சந்திப்பைத் தவறவிட்டால் ‘சாங்ஷன்’: அடிப்படைத் தொகை வெட்டப்படும். அந்த அடிப்படைத் தொகை 25 வயது நிரம்பிய தனி ஆளுக்கு 2025-26 நிதியாண்டில் மாதம் 400 பவுன் 14 பென்ஸ். சாப்பாடு, மின்சாரம், போன், பஸ் எல்லாம் அதற்குள். அதை இழக்கும் பயத்தில் இருப்பவர் கேட்டுப் பார்க்கவே துணிவதில்லை.

லண்டன் தமிழருக்கு இது எங்கோ நடக்கும் விஷயமில்லை. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ பெனிபிட்டில் இருக்கும் ஒருவரின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் காலமானால், எட்டு முடிந்து, 31ஆம் நாள் அந்தியேட்டியும் முடித்துத்தான் பிள்ளை திரும்ப முடியும். விதி தரும் ஒரு மாதத்துக்குள் போகவர விமானப் பயணத்தையும் சேர்த்தால் கணக்கு இடிக்கும். நெருங்கிய உறவினர் இறந்தால் இன்னொரு மாதம் வரை நீட்டிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் அதற்கு, முதல் மாதத்துக்குள் திரும்பச் சொல்வது நியாயமில்லை என்று அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். துணையோ பிள்ளையோ இறந்தால் தேடல் கடமையிலிருந்து 6 மாத விலக்கு தானாகக் கிடைக்கும். பெற்றோரின் சாவுக்கு அப்படியில்லை. அங்கேயும் ஆலோசகர் மனம் வைக்க வேண்டும். கொள்ளி வைக்கப் போனவர் பதிவேட்டில் விண்ணப்பக் கணக்கு எழுதும் நிலை எந்த அரசுக்கும் பெருமை தராது.

கடலைத் தாண்டிப் பக்கத்து நாடுகளுக்குப் போனால் காட்சி மாறுகிறது.

பிரான்சில் வேலை தேடுவோராகப் பதிவு செய்தவர் ஆண்டுக்கு 35 நாள் வரை ஊரில் இல்லாமல் இருக்கலாம், உதவித்தொகை நிற்காது. பதிவு அலுவலகமான பிரான்ஸ் திராவாய்க்குக் கிளம்புவதற்கு 72 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நெதர்லாந்தில் வேலையின்மைக் காப்பீடு பெறுபவருக்கு ஆண்டுக்கு 20 விடுமுறை நாள். அந்த நாட்களில் விண்ணப்பம் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஜெர்மனியின் முறை நடுவில் நிற்கிறது. ஆண்டுக்கு 3 வாரம் உண்டு, ஆனால் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலோடு. காப்பீட்டு உதவி பெறுபவருக்கு வேலை இழந்த முதல் 3 மாதத்தில் தக்க காரணம் இருந்தால்தான் ஒப்புதல். 3 வாரத்துக்கு மேல் 6 வாரம் வரை போனால் கூடுதல் வாரங்களுக்குப் பணமில்லை. 6 வாரத்தையும் தாண்டினால் முதல் நாளிலிருந்தே பணமில்லை. அந்த வாரங்களில் இவருக்கு வேலையோ பயிற்சியோ வரக்கூடுமா என்று அதிகாரி பார்க்க வேண்டியிருப்பதால், பொதுவாகப் புறப்படும் நாள் நெருங்கினால்தான் ஒப்புதல் கைக்கு வரும். மலிவு விலையில் ரயில் டிக்கெட்டை முன்னதாக வாங்கும் வாய்ப்பு இதனால் கையில் காசில்லாதவருக்கே பறிபோகிறது. விதி எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பயணச் செலவைப் பற்றி யோசிக்கவில்லை.

ஸ்விட்சர்லாந்தின் விதிதான் எல்லாவற்றிலும் சீராக இருக்கிறது. பதிவு செய்து வேலையில்லாமல் இருக்கும் ஒவ்வொரு 60 வேலை நாளுக்கும் 5 நாள் விடுப்பு சேரும். வாரத்துக்கு 5 நாள் கணக்கில், ஏறத்தாழ 12 வாரத்துக்கு ஒரு வாரம். அந்த 5 நாளில் விண்ணப்பம் போட வேண்டாம், வேலைக்குத் தயார் நிலையிலும் இருக்க வேண்டாம், எந்த நாட்டுக்கும் போகலாம். 2 வாரத்துக்கு முன் தெரிவித்தால் போதும். தேடிய உழைப்புக்கு ஈடாக விடுப்பு சேர்கிறது, தொழிற்சாலையில் சேர்வதைப் போலவே. தேடுவது வேலைதான் என்று வாயளவில் சொல்லாமல் கணக்கிலும் ஏற்றுக்கொண்ட நாடு அது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு விடுமுறை எதற்கு? அவருக்கு எல்லா நாளும் விடுமுறைதானே?

இதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூர் பதில் சொல்லிவிட்டது. வியன்னாவுக்குத் தென்கிழக்கே மாரியென்டால் என்று ஓர் ஆலைக் குடியிருப்பு. 478 குடும்பங்கள், 1,486 பேர். நூற்பும் நெசவுமாக அந்த ஊருக்கே சோறு போட்ட ஆலை 1929-30இல் மூடப்பட்டது. முக்கால் பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களில் சம்பாதிக்க ஒருவர்கூட இல்லை. 1931-32இல் மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு அங்கே ஆய்வு நடத்தி 1933இல் நூலாக வெளியிட்டது. கேள்வித்தாளோடு போய் நிற்கவில்லை அவர்கள். பழைய துணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், தையல் கற்றுக்கொடுத்தார்கள்; அப்படிப் பழகியபடியே பார்த்து எழுதினார்கள்.

ஒருவர் ஜன்னலோரம் கடிகாரத்தோடு நின்று தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார். பெண்கள் வேகமாகப் போனார்கள். அவர்களுக்குச் சமையலும் துவைப்பும் பிள்ளைகளும் காத்திருந்தன. ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நின்றார்கள், மறுபடி நடந்தார்கள். பலர் கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது, எழுந்ததற்கும் சாப்பிட்டதற்கும் படுத்ததற்கும் நடுவே எழுத அவர்களுக்கு ஏதும் இருக்கவில்லை. தொழிலாளர் நூலகத்தில் முன்பு வாங்கிய கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். படிக்க நேரமும் தாராளம். இருந்தும் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அதே நூலில் விதிகளைப் பற்றியும் சில வரிகள் உண்டு. மரம் வெட்ட உதவி, கூலியாகக் கொஞ்சம் விறகு பெற்ற ஒருவருக்கு உதவித்தொகை நின்றது. பால் கொண்டுபோய்க் கொடுத்து, தன் பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் பால் வாங்கிக்கொண்ட ஒரு பெண்ணுக்கும் நின்றது. ஹார்மோனிகா வாசித்துச் சில்லறை வாங்கியவருக்கும் நின்றது. பிறகு அந்த ஊரில் மனிதர்கள் எதையும் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

மாரியென்டால் காட்டியது, முடிவில்லாத வெற்று நேரம் ஓய்வாகாது என்பதை. தொடக்கமும் முடிவும் உள்ள, முன்கூட்டி எதிர்பார்க்கத்தக்க, பிறரோடு பகிர்ந்துகொள்ளும் சில நாட்கள்தான் ஓய்வு. அமெரிக்காவில் கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் உறுதிப்படுத்துகிறது. வார இறுதியில் வேலைக்குப் போகிறவர்களின் மனநிலை மேம்படுவது தெரிந்த செய்தி. வேலையில்லாதவர்களின் மனநிலையும் சனி ஞாயிறுகளில் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மேம்படுகிறது. அவர்களுக்குத் திங்களுக்கும் சனிக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு மற்றவர்களிடம் இருக்கிறது: சனிக்கிழமை நண்பர் வீட்டில் இருப்பார், மனைவி வீட்டில் இருப்பார், பிள்ளைக்குப் பள்ளி இல்லை. ஓய்வு தனியாகக் கிடைத்தால் பாதிதான் கிடைத்தது. தம்பி குடும்பம் ஊருக்குப் போகும் வாரத்தில் தானும் சேர்ந்து போக முடிகிறவருக்குத்தான் அது முழுதாகக் கிடைக்கும். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும்.

தேடுவதும் ஆளைத் தேய்க்கிறது. ஆலன் குரூகரும் ஆண்ட்ரியாஸ் மியூலரும் 2009 இலையுதிர் காலம் தொடங்கி நியூ ஜெர்சியில் உதவித்தொகை பெற்ற சுமார் 6,000 பேரை வாரம் வாரமாக 24 வாரம் வரை பின்தொடர்ந்தார்கள். வேலையின்மை நீள நீளத் தேடலுக்குச் செலவிடும் நேரம் குறைந்துகொண்டே போனது. வேலை தேடும் பொழுதுகளில் அவர்கள் குறிப்பாகத் துயரமாக இருந்தார்கள். மறுப்புக் கடிதம்கூட வராத விண்ணப்பங்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்படாது. ஆக, விடுமுறை கொடுத்தால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் தலைகீழானது. விடுமுறை இல்லாமலேயே தேடல் வற்றுகிறது.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் இன்னும் நேரடியான ஒன்றை வெளியிட்டார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சில நாள் விடுமுறை ஏற்பாடு செய்யும் தொண்டு அமைப்பின் மூலம் போய்வந்த வேலையில்லாதவர்களை அவர்கள் கவனித்தார்கள். திரும்பி வந்தவர்களின் தன்னம்பிக்கை கூடியது. வேலை தேடும் நடத்தையிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், அதன் மேல் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் பின்லாந்தின் பெரிய சோதனையும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. 2017, 2018 ஆகிய 2 ஆண்டுகள் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, தேடல் நிபந்தனை ஏதுமின்றி, கொடுத்தார்கள். அவர்கள் வேலையைக் கைவிட்டுவிடவில்லை; 2017 நவம்பர் முதல் ஓராண்டில் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சராசரியாக 6 நாள் கூடுதலாகவே வேலை செய்தார்கள், மனநலமும் மேம்பட்டிருந்தது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. குறைந்தபட்சக் கூலியில் இரவு ஷிப்டு பார்த்து, வரி கட்டி, ஆண்டுக்கு ஒருமுறைகூடக் குடும்பத்தோடு எங்கும் போக முடியாத ஒருவர் கேட்கிறார்: என் வரிப்பணத்தில் இன்னொருவர் கடற்கரைக்குப் போவது எந்த ஊர் நியாயம்? அவருடைய கசப்பு உண்மையானது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல், ஆண்டுக்கு ஒரு வாரம் வெளியூர் போய்வர வசதியில்லாதவர்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம்.

அந்தக் கணக்கை ஏன் எடுக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு வார விடுமுறைக்கு வழியில்லாமல் இருப்பதை ஐரோப்பிய ஒன்றியம் வறுமையின் அடையாளங்களில் ஒன்றாக, இறைச்சியோ மீனோ வாங்க முடியாததோடும் வீட்டைச் சூடாக வைக்க முடியாததோடும் சேர்த்து, எண்ணுகிறது. யுனிவர்சல் கிரெடிட்டை நடத்தும் அதே பிரிட்டிஷ் துறை, வறுமைப் புள்ளிவிவரங்களையும் வெளியிடுகிறது. குடும்பத்தோடு ஆண்டுக்கு ஒரு வாரமாவது வெளியூர் போவதுண்டா என்ற கேள்வி குழந்தைகளின் வறுமையை அளக்க அதில் நெடுங்காலம் இடம்பெற்றது. ஒரு கையால் அதை இல்லாமையாக எழுதிக்கொண்டு, மறு கையால் அதைத் தடுக்கும் விதியையும் எழுதுவது பொருந்தாது.

இரவு ஷிப்டு பார்க்கும் அந்த மனிதருக்குத் தர வேண்டியது அவருடைய விடுமுறை. பக்கத்து வீட்டுக்காரரின் விடுமுறையைப் பறிப்பதால் அவருக்கு ஒரு நாளும் சேரப் போவதில்லை. அவரும் அடுத்த ஆண்டு அதே ஜாப்சென்டரில் உட்கார நேரலாம். தவிர, இங்கே யாரும் அரசிடம் பயணச் செலவு கேட்கவில்லை. 400 பவுனில் மயோர்காவுக்குப் போகிறவர் யாரும் இல்லை. தாத்தா பாட்டி டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள், அண்ணன் காரில் இடம் இருக்கும், தொண்டு அமைப்பு கேரவன் பிடித்துக் கொடுக்கும். கேட்பது ஒன்றே ஒன்று: அந்த ஒரு வாரத்துக்குத் தேடல் கணக்குக் கேட்டுப் பணத்தை வெட்டாதீர்கள்.

போனவர் போன இடத்தில் இருக்கையில் வேலை வந்துவிட்டால்? 1911இல் இது நியாயமான கவலை. இன்று நேர்முகத் தேர்வு போனிலும் வீடியோவிலும் நடக்கிறது. வேலையில் சேரும் நாள் வாரக்கணக்கில் தள்ளி வைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியே, 4 வாரம் பதிவில் இருந்தவர் உதவித்தொகையோடு 3 மாதம் வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போய் வேலை தேடலாம், 6 மாதம் வரை நீட்டிக்கவும் இடமுண்டு என்கிறது. ஆகஸ்டில் பாதி பிரான்சும், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட மொத்த பிரிட்டனும் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கும் நாட்களில், விண்ணப்ப எண்ணிக்கையைக் காட்டச் சொல்வதால் யாருக்கும் வேலை கிடைப்பதில்லை.

பிரிட்டன் செய்ய வேண்டியது கடினமானதும் இல்லை. ஸ்விஸ் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு 12 வாரத்துக்கும் ஒரு வாரம், 2 வாரத்துக்கு முன் இணையப் பதிவேட்டில் ஒரு குறிப்பு, அந்த வாரத்துக்குச் சந்திப்பும் கிடையாது, சாங்ஷனும் கிடையாது. நாட்களைக் கூட்டி வைக்கும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். சேர்த்து வைத்த வாரங்களைப் பெற்றோரின் சாவுக்கும் பயன்படுத்த இடம் கொடுத்தால், யாழ்ப்பாணத்துக்கோ லாகோசுக்கோ சில்ஹெட்டுக்கோ போகிறவர் ஆலோசகர் முன்னால் துக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நாளில் கொண்டுவர முடியாதென்றால், 3 வயது தாண்டிய பிள்ளையை வைத்திருக்கும் தனித் தாய்மார்களிடமிருந்து தொடங்கலாம். 2023 அக்டோபர் முதல் அவர்களிடமும் வாரம் 30 மணி நேரம் வரை தேடலும் வேலையும் எதிர்பார்க்கப்படுகிறது. அவர்களுடைய பிள்ளைகளுக்கோ கோடையில் 6 வாரம் பள்ளி கிடையாது. இதற்குப் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. யுனிவர்சல் கிரெடிட்டுக்கான 2013இன் ஒழுங்குவிதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்.